எந்த மொழியில் பேரம் பேசுகிறோம்?

(சற்று நீண்ட பதிவு.)

சென்ற வார இறுதியில் பள்ளித் தோழன் ஒருவன் எங்கள் நால்வரைப் பூரிக் கடற்கரைக்கு அழைத்திருந்தான். புவனேசுவரத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவன். விடுதி, உணவு, கார் வாடகை என இரண்டு நாள் செலவு முழுவதையும் தானே ஏற்றுக்கொண்டான். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் நான் என் பங்கைக் கொடுக்க முன்வந்தபோது கோபித்துக்கொண்டான். அவனுடைய தாராள மனத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. இப்பதிவு அவனைக் குறைகூறுவதற்கானதும் அன்று; அவனிடம் வாசித்துக் காட்டிய பின்னரே இங்கே இடுகிறேன்.

நாங்கள் காரக்பூர் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர்கள். பெங்கால் நாக்பூர் இரயில்வேயின் காலம்தொட்டுத் தெலுங்கரும் தமிழரும் வேலைக்காகக் குடியேறிய நகரம் அது. அவன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ், தெருவில் வங்காளமும் இந்தியும். பள்ளியில் எங்கள் இருவருக்கும் ஒரே பட்டப்பெயர்தான்: மதராசி. அந்தப் பெயரை வெறுத்ததே எங்கள் நட்பின் முதல் அடித்தளம் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலை கடலில் இறங்கச் சென்றோம். பூரியில் அலை கரைக்கு வெகு அருகில் எழுந்து உடையும். திரும்பும் நீர் காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். ஆகவே நீராட வருவோர் நுலியாக்களைத் துணைக்கு அமர்த்திக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம். கையைப் பற்றி அலைக்குள் அழைத்துச் செல்வதும், இரப்பர்க் குழாயில் அமரவைத்து ஆழம் காட்டுவதும், இழுத்துப்போகும் நீரிலிருந்து மீட்டுக் கொணர்வதும் அவர்கள் தொழில். எங்களிடம் வந்த இருவரில் மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு மணி நேரத்திற்கு ஆளுக்கு நானூறு ரூபாய் கேட்டார்.

நண்பன் இந்தியில் பேரம் பேசினான். 'தும்' என்றே அழைத்தான். இருவருக்கும் சேர்த்து ஐந்நூறு என்றான். மூத்தவர் இளையவரிடம் திரும்பித் தெலுங்கில், காலையிலிருந்து ஒருவரும் கிடைக்கவில்லை, போகட்டும், ஒத்துக்கொள் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கே அது புரிந்தது. தாய்மொழியாகப் பேசும் என் நண்பனுக்குப் புரியாதிருக்க வழியில்லை. அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கே முடிந்தது.

அரைமணி கழித்து ஒரு பெரிய அலை அவனைப் புரட்டிப் போட்டது. மூக்கிலும் வாயிலும் உப்பு நீர் ஏற, மூச்சு வாங்கி எழுந்தவன் முதலில் சொன்ன இரண்டு சொற்களும் தெலுங்கு. அவன் தோளைப் பற்றியிருந்த பெரியவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு, பயப்படாதே, நான் பிடித்திருக்கிறேன் என்று தெலுங்கிலேயே சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மீதி அரைமணியும் அவன் ஒன்றும் பேசவில்லை.

இதில் பெரிதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மொழியியல் படித்த எனக்கு, நெடுநாளாய் ஒப்பித்துவந்த ஒரு விளக்கம் அந்த ஒரு மணி நேரத்தில் ஆட்டம் கண்டது.

முதலில், அந்த மனிதர்கள் யார்? நுலியா என்பது பிறர் இட்ட பெயர். தம்மை வாடபலிஜர் என்றோ ஜாலாரி என்றோ சொல்லிக்கொள்ளும் தெலுங்கு மீனவர் இவர்கள். வடக்கு ஆந்திரக் கரையிலிருந்து மீன்பிடிப் பருவந்தோறும் வடக்கே வந்து, காலப்போக்கில் நிலைத்தவர்கள். பூரி நகரின் ஓரத்திலுள்ள பெந்தகட்டா அவர்களின் பெரிய குடியிருப்பு. அவர்கள் ஏறிச்சென்ற கட்டுமரத்தின் பெயர் தெப்ப. நம் தெப்பத்தின் உடன்பிறப்பு. இன்று பெரும்பாலும் அவ்விடத்தை இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் பிடித்துவிட்டன. வீட்டில் தெலுங்கு, சந்தையில் ஒடியா, கடற்கரையில் வங்காளமும் இந்தியும் என்று அந்தப் பெரியவர் ஒரு நாளில் நான்கு மொழிகளைக் கையாள்கிறார். பன்மொழிப் புலமை என்று கருத்தரங்குகளில் நாம் போற்றுவது இதைத்தான். அங்கே அதற்குப் பெயர் பிழைப்பு.

இந்த நாட்டின் மொழி எல்லைகள் அண்மைக் காலத்தவை. மொழியின் அடிப்படையில் அமைந்த முதல் மாகாணமான ஒரிசா 1936 ஏப்ரல் 1 அன்று பிறந்தது. ஆந்திரம் 1953 அக்டோபர் 1 அன்று. கடலோடிகள் இக்கரையில் மேலும் கீழும் பயணம் செய்துவந்தது அதற்கும் முந்தைய கதை. கோடு போட்ட பிறகு, கோட்டுக்கு அப்பால் நின்றோர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர்.

அவர்களுக்காகவே 1956இல் ஏழாம் திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் 350அ என்ற உறுப்பு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. முயல வேண்டும் என்ற அந்த வினையின் தளர்ச்சியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எனினும் அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் வீடு திரும்ப முடியாது என்பதே என் கட்சி.

ஒரு மொழி ஏன் கைவிடப்படுகிறது என்று கேட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் விடை: ஆங்கிலமும் இந்தியும் வேலை தருகின்றன, வீட்டுமொழி தருவதில்லை, ஆகவே மக்கள் இலாபத்தின் பக்கம் சாய்கின்றனர். இது உண்மைதான். ஆனால் என் நண்பனின் செயலை இது விளக்காது. இந்தி பேசியதால் அவனுக்குக் கிடைத்த இலாபம் முந்நூறு ரூபாய். அன்றிரவு விடுதியில் எங்களுக்காக அவன் வரவழைத்த இறால் ஒரு தட்டின் விலைகூட அதைவிட மிகுதி.

வேறொன்று இருக்கிறது. ஒரு மொழியைப் பேசும்போது, அம்மொழி நம்மீது சுமத்தும் உறவுகளையும் சேர்த்தே ஏற்கிறோம். விளிப்பெயர்கள் அதிகாரத்தையும் ஒருமைப்பாட்டையும் எவ்வாறு சுட்டுகின்றன என்று 1960இல் பிரவுனும் கில்மனும் எழுதிய கட்டுரை எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. அதன் ஒளியில் இந்தக் காட்சியைப் பாருங்கள். தந்தை வயதுடைய ஒருவரிடம் தெலுங்கில் பேச்சைத் தொடங்கினால், அவன் வளர்ப்பு அவனை 'பாபாய்' என்று அழைக்கவைக்கும். சிற்றப்பா என்று பொருள். சிற்றப்பாவிடம் முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேச முடியாதென்பதில்லை. ஆனால் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விகளைக் கடந்துதான் அந்தப் பேரத்திற்கு வரவேண்டும். இந்தியில் அவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது இந்தியின் குறையன்று; இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோருக்கு அதிலும் சித்தப்பாக்கள் உண்டு. எங்களைப் போன்றோருக்கு அது உறவுகள் இல்லாமல் கற்ற மொழி. அதனால்தான் கூலி பேச அவ்வளவு வசதியாக இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: படித்து மேலேறிய நாம் தாய்மொழியை மறைப்பது, மேலே இருப்போரைப் போல ஆவதற்காக மட்டும் அன்று, அதே மொழியைப் பேசிக்கொண்டு கீழே நிற்போர் நம்மை உரிமையோடு அழைத்துவிடாதிருக்கவும்தான். மொழி கைவிடப்படுவதற்கு ஆசை ஒரு காரணம் என்றால், இந்தக் கூச்சம் இன்னொரு காரணம். முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் நம்மைப் பற்றியே பேச நேரும்.

மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். சுற்றுலாத் தலத்தில் அயலாரிடம் பொதுமொழியில் பேசுவது இயல்புதானே என்பர். இயல்புதான். மகாராஷ்டிரத்தின் குப்வார் என்ற சிற்றூரைப் பற்றிக் கம்பர்ஸும் வில்சனும் 1971இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கன்னடம், மராத்தி, உருது பேசுவோர் நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்ததில் அம்மொழிகளின் இலக்கணம் ஒன்றையொன்று நெருங்கிவிட்டது. ஆயினும் வீட்டுமொழிகள் தனித்தனியாகவே நின்றன. அங்கே பொதுவிடத்தில் வேறுமொழி பேசியது யாரையும் மொழியற்றவர் ஆக்கவில்லை. ஆனால் என் நண்பனுக்கு எதிரில் நின்றவர் அயல்மொழிக்காரர் அல்லர். வீட்டுமொழி பேசும் ஒருவர் எதிரில் இருக்கும்போதும் பொதுமொழியின் பின்னால் ஒளிந்துகொண்டால், வீட்டுமொழிக்கு எஞ்சுவது வீட்டின் நான்கு சுவர் மட்டுமே.

இன்னொன்று. அந்த இளைய நுலியாவுக்குப் பதினெட்டு வயதிருக்கலாம். நல்ல சட்டை அணிந்து, காரில் வந்து, விடுதியில் தங்கும் தெலுங்கர் ஒருவர் தன்னிடம் தெலுங்கு பேசியதை அவன் எத்தனை முறை கேட்டிருப்பான்? தன் மொழியில் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதையே அறியாமல் வளரும் ஒருவனிடம் தாய்மொழியின் பெருமையைப் பற்றி எந்த அரசு உறுப்பு பேசினாலும் என்ன பயன்?

நண்பனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மையன்று. தில்லியில் நான் தங்கியிருந்த விடுதியில் மாடிப்படிகளைக் கூட்டித் துடைக்கும் அம்மையார் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் தொலைபேசியில் மகளிடம் தமிழில் பேசுவதைக் கேட்டேன். அதன்பின் ஏழு மாதங்கள் அவரிடம் இந்தியிலேயே பேசினேன். நேரம் இல்லை, அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை எளியது: தமிழில் பேசினால் அவர் என்னைக் கண்ணு என்பார், நான் அவரை அக்கா என்பேன், பிறகு என் அறை வாசலில் அவர் குனிந்து துடைக்கும்போது காலைத் தூக்கிக்கொண்டு புத்தகம் வாசிக்க என்னால் இயலாது. 2025 ஜூனில் ஜங்புராவின் மதராசி முகாம் இடிக்கப்பட்டபோது தில்லித் தமிழரின் அவலம் பற்றி இதே பக்கத்தில் நீண்ட பதிவொன்று இட்டேன். பலரும் பகிர்ந்தீர்கள். அந்த அம்மையாரிடம் அதற்குள் நான் தமிழில் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. இப்போது அவர் அங்கே இல்லை.

சனிக்கிழமை இரவு இதை நண்பனிடம் சொன்னேன். முதலில் சினந்தான். எல்லாவற்றையும் ஆய்வாக்காதே என்றான். நெடுநேரம் கழித்து அவனே சொன்னான்: "தெலுங்கில் பேசியிருந்தால் கேட்ட பணத்தைக் கொடுத்திருப்பேன். அது தெரிந்துதான் இந்தியில் பேசினேன்." நான் இவ்வளவு நீட்டி எழுதியதை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான்.

ஞாயிறு காலை மறுபடியும் கரைக்குச் சென்றோம். அந்தப் பெரியவர் வேறொரு குடும்பத்தோடு நீரில் இருந்தார். நாங்கள் காத்திருந்தோம். அவர் வெளியே வந்ததும் நண்பன் தெலுங்கில் ஊரைக் கேட்டான். பெந்தகட்டாவில் பிறந்தவர், பாட்டனார் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து வந்தவராம். மீதி முந்நூறு ரூபாயை நண்பன் நீட்டியபோது வாங்க மறுத்தார். பேசியது பேசியதுதான் என்றார். பிறகு இன்னொருமுறை கடலில் இறங்கினோம். அந்த ஒரு மணி நேரத்திற்கு எவ்வளவு என்று நண்பன் கேட்கவில்லை. ஆளுக்கு நானூறு கொடுத்தான்.

இதனால் ஒரு மொழி பிழைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. பெந்தகட்டாவின் குழந்தைகளுக்குத் தெலுங்கில் பாடநூலும் ஆசிரியரும் வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது. அதற்கு ஈடாக நம் தனிப்பட்ட நல்லெண்ணத்தை வைக்க முடியாது. ஆனால் அந்தக் கோரிக்கையை எழுப்பும் தகுதி நமக்கு வேண்டுமானால், நம் மொழி பேசும் உழைப்பாளி எதிரில் நிற்கும்போது நாம் எந்த மொழியில் வாய் திறக்கிறோம் என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

உங்கள் அடுக்ககத்தின் காவலாளி, அலுவலக உணவகத்தில் தேநீர் தருபவர், கட்டடப் பணியில் கல் சுமப்பவர் ஆகியோரில் உங்கள் மொழிக்காரர் ஒருவரேனும் இருப்பார். அவரிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள்?