முழுமை என்னும் மயக்கம்

"அவளுக்குத் தைராய்டு" என்கிறோம். நுரையீரலில் நோயுற்ற ஒருவரை "அவருக்கு நுரையீரல்" என்று எவரும் சொல்வதில்லை. மூச்சுக்குழலைத் தழுவி, வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளெனப் படர்ந்திருக்கும் இந்தச் சுரப்பிக்கு மட்டும் உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. உறுப்பையே நோயென்று அழைத்துப் பழகிய பின், "முழுசா எடுத்துடுங்க டாக்டர், நிம்மதியா இருக்கும்" என்னும் வேண்டுகோள் எழுவதில் வியப்பென்ன? அந்த வேண்டுகோளையும், அதற்கு உடனே தலையசைக்கும் மருத்துவத்தையும் மறுப்பதே இப்பதிவின் நோக்கம்.

முழுமையின் விலையை முதலில் உணர்ந்தவர்கள் முழுமையில் தேர்ந்தவர்களே. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் கழுத்துக் கழலைகளை அறுத்து நீக்குவதில் ஒப்பற்றவராக விளங்கினார். குருதி சிந்தாத, நிதானமான கை அவருடையது. சுரப்பியை எச்சமின்றி எடுத்தார். நோயாளிகள் பிழைத்தார்கள், பிறகு மங்கினார்கள். முகம் வீங்கியது, அறிவு மந்தமானது, சிறுவரின் வளர்ச்சி நின்றது. ஜெனீவாவின் ரெவெர்டன் 1882இல் இதையே சுட்டியிருந்தார். தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களைத் திரும்ப வரவழைத்துப் பார்த்த கோகர், 1883இல் அவ்வுண்மையை உலகறியச் சொன்னார். சாதாரணக் கழலைக்கு முழுச் சுரப்பியையும் நீக்குவதைக் கைவிட்டார். 1909இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

"அது மாத்திரை இல்லாத காலம், இன்று தைராக்சின் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, நாள்தோறும், வாழ்நாள் முழுதும். ஆனால் இழப்பு அச்சுரப்பியோடு முடிவதில்லை. அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் நான்கு சிறு துணைச்சுரப்பிகள் உடலின் கால்சியத்தைக் காக்கின்றன. குரல்நாண்களை இயக்கும் நரம்புகள் இருபுறமும் அதையொட்டியே செல்கின்றன. ஒரு மடலை மட்டும் நீக்கினால் ஒரு பக்கத்துக்கு மட்டுமே ஆபத்து. மறுபக்கம் கத்தி தொடாத நிலம். அவ்வாறு ஒரு மடலை இழந்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே பின்னர் மாத்திரை தேவைப்படுகிறது. முழுவதும் இழந்தவர்களில் எல்லோருக்கும் தேவை.

தென்கொரியாவைப் பாருங்கள். உடற்பரிசோதனையோடு மலிவான இணைப்பாகக் கழுத்து ஸ்கேனும் வந்தது. 2011இல் அங்கே தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல் பதினைந்து மடங்கு. அந்நோயால் இறப்போர் விகிதமோ மாறவே இல்லை. கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு முழுச் சுரப்பியும் நீக்கப்பட்டது. 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே பொதுவெளியில் எச்சரித்த பின்புதான் அறுவைகள் சரிந்தன. தேடியதால் கிடைத்தது, கிடைத்ததால் வெட்டினார்கள்.

சொல் இங்கே வெறும் சொல்லன்று. 2016இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று, உறைக்குள் அடங்கிப் பரவாது கிடக்கும் ஒருவகைத் தைராய்டு கட்டியின் பெயரிலிருந்து "புற்று" என்ற சொல்லையே நீக்கியது. அதே கட்டிதான், பெயர் போனதும் அச்சமும் மிகைச் சிகிச்சையும் தேவையற்றுப் போயின. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்கத் தைராய்டு சங்கம், நான்கு சென்டிமீட்டர் வரையிலான, சுரப்பிக்கு வெளியே பரவாத பல புற்றுகளுக்கும் ஒரு மடலை நீக்குவதே போதுமானதாகலாம் என்று வழிகாட்டியிருந்தது.

முழு நீக்கமே கூடாது என்பது என் வாதமன்று. இரு மடல்களிலும் பரவிய புற்று, கதிரியக்க அயோடின் தேவைப்படும் நிலை, மூச்சை நெரிக்கும் இருபுறக் கழலை ஆகியவற்றில் முழுமை நியாயமே. எஞ்சிய பாதியில் மீண்டும் கட்டி வரலாம் என்பதும் மெய். வந்தால் கண்காணிப்பில் தெரியும், அப்போது எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது. ஐயத்துக்கு மருந்து கண்காணிப்பே, கத்தி அன்று.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணும் நன்னூலார், குறையச் சொல்வதை மட்டுமல்ல, மிகையாகச் சொல்வதையும் குற்றமென்றே வைத்தார். அறுவை மேசைக்கும் அவ்விலக்கணம் பொருந்தும். குறைய வெட்டினால் பழி வரும் என அஞ்சும் மருத்துவர், மிகைபட வெட்டினால் எவரும் கேட்கமாட்டார் என்பதை அறிவார். ஆகவே நாம் கேட்போம். இந்நோய்க்குப் பெரும்பாலும் ஆளாகும் பெண்களும், அவர்களுக்காகக் கையொப்பமிடும் கணவரும் பிள்ளைகளும், எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதோடு நிறுத்தாமல், எதை விட்டுவைக்கப் போகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். விடை சொல்ல நேரமில்லாத மருத்துவரிடம் கழுத்தை நீட்டுவதற்கு அவசரமில்லை.