கைக்கு அடக்கமா ஒரு .22

அமெரிக்காவுல ஹைக்கிங் போறவங்க .22 ரிவால்வர் வாங்கறப்போ முதல்ல எடையத்தான் பாக்கறாங்க. ரூகர் எல்சிஆர் சுமார் 425 கிராம், எட்டு தோட்டா. சுமக்க சுகம்தான், சுடறதுக்கு? குழல் 5 செ.மீ. கூட இல்லை. ஹேமர் உள்ள மறைஞ்சிருக்கு, மொத்த வேலையும் டிரிகர் தலையில. ரிம்ஃபயர் தோட்டாவை விளிம்புல ஓங்கி அடிச்சாத்தான் வெடிக்கும், அதனால டிரிகரும் கனம். டப்பாவைக் குறிவெச்சா பக்கத்து மண்ணு பறக்கும் :)

என் ஓட்டு 2019ல வந்த ரூகர் ராங்லருக்கு. சுமார் 850 கிராம், ஆறே தோட்டா, ஒவ்வொண்ணா போடணும், ஒவ்வொரு தடவையும் ஹேமரை இழுக்கணும். ஆனா டிரிகர் லேசு, குறி அலையாது. கூடுற எடை அரை லிட்டர் தண்ணி அளவுகூட இல்லீங்க.

கரடிக்குப் பயந்து வாங்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க. .22 அதோட கோபத்தைத்தான் கிளப்பும். அதுக்கு கரடி ஸ்ப்ரேதான், பைக்குள்ள இல்ல, இடுப்புல.