தண்டோரா நின்றது, எச்சரிக்கை வந்து சேர்ந்ததா?

ஆனி, ஆடி மாதங்களில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒரு வாசகம் தவறாமல் வரும். மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்பதே அது. தூத்துக்குடி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது மனப்பாடம். அதே காற்றுதான் சாத்தான்குளம் தேரிக்காட்டின் செம்மண்ணையும் வாரி இறைக்கிறது. அந்தக் காற்றில் ஓலைக் கூரையின் கீழ் அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு, வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கூலித் தொழிலாளிக்கு, உப்பளப் பாத்தியில் நிற்பவருக்கு என்ன அறிவுரை? மீனவரை அழைப்பதுபோல இவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் நம் வானிலை அறிக்கைகளுக்கு இல்லை.

மீனவர்களுக்குக் கிடைப்பதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒரு வரிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலில் சுழன்றடித்தபோது, எச்சரிக்கை தாமதமாக வந்தது என்று கடற்கரை முழுவதும் குமுறியது. கரையோர ஊர்கள் சாலையில் உட்கார்ந்து கேள்வி கேட்டன. அதற்குப் பிறகுதான் ஆழ்கடலில் இருக்கும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி சொல்லும் கருவிகள் பற்றி அரசு தீவிரமாகப் பேசத் தொடங்கியது. எச்சரிக்கையும் ஓர் உரிமைதான். அது கேட்டவர்களுக்கே கிடைக்கிறது. நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை.

பறை சொன்ன செய்தி

ஊருக்குச் செய்தி சொல்லும் வேலை பல தலைமுறைகளாக யாருடையதாக இருந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வரி கட்டச் சொல்வது, ஏலம் அறிவிப்பது, வெள்ளம் வருகிறது என்று எச்சரிப்பது என எல்லாவற்றையும் தெருத் தெருவாகப் பறையடித்துச் சொன்னவர் தலித். அதை அவர் தொழிலாக விரும்பி ஏற்கவில்லை. சாதிக் கடமையாக அவர் தோளில் அது மாட்டப்பட்டது. குளமும் அப்படித்தான். தென் மாவட்டங்களில் மடைக்குடும்பன், நீர்பாய்ச்சி என்ற பெயர்களில் மடையைத் திறந்து மூடியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். கரை எங்கே கசிகிறது, மறுகால் எப்போது பாயும், எந்த ஓடை முதலில் நிறையும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைரேகைபோலத் தெரியும். அந்த அறிவுக்குக் கிடைத்தது களத்துமேட்டில் அளந்துபோட்ட நெல், மரியாதை கிடைக்கவில்லை.

2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், வாகனங்களில் ஒலிபெருக்கி கட்டிச் செய்தி சொல்லலாம், மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மிகச் சரியான முடிவு. ஒரு மனிதரை இழிவுபடுத்தித்தான் ஊருக்குச் செய்தி போக வேண்டும் என்றால் அந்தச் செய்தியே தேவையில்லை.

ஆனால், தண்டோராவின் இடத்தில் வந்தது எது? கைபேசிக் குறுஞ்செய்தி, செயலி, வாட்ஸ்அப் குழு, ஒலிபெருக்கி கட்டிய வாகனம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சாசேத்’, விவசாயிகளுக்கு ‘மேகதூத்’, மின்னலுக்கு ‘தாமினி’ எனச் செயலிகள் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால், வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியை வேலைக்குப் போகிறவர் எடுத்துப் போய்விடுகிறார். முதியவர்களும் குழந்தைகளும் வீட்டில் இருக்கிறார்கள். வாகனம் பிரதான சாலையில் ஒலித்தபடி போகிறது. தெரு குறுகல் என்று நம் பக்கம் திரும்பாமலே போய்விட முடிகிறது. பறையடித்தவர் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தன் தெருவுக்குத்தான் திரும்பி வந்தார். அதனால் செய்தி நம் தெருவுக்கும் வந்தது. இழிவு போக வேண்டும். செய்தி போய்விடக் கூடாது.

20 சென்டிமீட்டரும் 95 சென்டிமீட்டரும்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். இந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே சுமார் 65 சென்டிமீட்டர்தான். தாமிரபரணி கரை மீறியது. குளங்கள் உடைந்தன. ஏரல் துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டனர். மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. செயலிகளும் குறுஞ்செய்திகளும் அந்த நிமிடத்தோடு முடிந்துபோயின.

முன்னெச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு. முன்கூட்டியே சொன்னோம் என்றது ஒன்றிய அரசு. இந்த வாதத்துக்குள் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் ‘அதி கனமழை’. அதற்கு மேல் வானிலைத் துறையின் அளவுகோலில் படியே இல்லை. 21 சென்டிமீட்டரும் அதி கனமழை, 95 சென்டிமீட்டரும் அதி கனமழை. ‘ரெட் அலர்ட்’ என்ற சொல் வானத்தில் என்ன நடக்கும் என்று சொல்கிறது. எந்தக் குளம் நிறைந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது மாவட்ட நிர்வாகமும் வருவாய்த் துறையும் ஊராட்சியும்.

சாத்தான்குளம் வட்டாரத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இது வறட்சிக்குப் பழகிய பூமி. சடையனேரிக் கால்வாயில் தண்ணீர் விடுங்கள் என்று கேட்டுப் போராடும் ஊர்கள் இவை. கருமேனியாறு பல மாதம் மணலாகக் கிடக்கும். தண்ணீருக்கு ஏங்கும் ஊரில் வெள்ளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஓடையும் மறுகால் பாதையும் கண் மறைவில் தூர்ந்து போகின்றன. நிலமில்லாதவர்களுக்குக் குடியிருக்கக் கிடைத்தது அந்த ஓடை ஓரமும் குளத்தின் அடிவாரமும்தான். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். வரவேற்போம். பெயர் மாறிய பிறகும் வீடு அதே பள்ளத்தில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வோம்.

காற்றும் தீயும் கடலும்

காட்டில் தீப்பிடித்தால் செயற்கைக்கோள் பார்த்து வனத்துறையினரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு நாட்டில் உண்டு. ஆடிக் காற்றில் ஓலைக் குடிசை வரிசை எரிவதற்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு பொறி போதும், பத்து வீடு போய்விடும். கூடவே சாதிச் சான்றிதழும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் சாம்பலாகும். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் தரும் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம் 2024-ல் அறிவிக்கப்பட்டது. பட்டா இருந்தால்தான் வீடு; புறம்போக்கில் இருப்பவருக்குப் பட்டாதான் முதல் தீயணைப்பு வண்டி.

கடலோரத்தில் ‘கள்ளக்கடல்’ என்றொரு ஆபத்து. நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும், தொலைதூரக் கடலில் எழுந்த பேரலை வந்து கரையேறும். கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாததால் ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் தரும் எச்சரிக்கையைத்தான் நம்ப வேண்டும். வ.உ.சி. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கப்பல்களுக்கானது. கூண்டு எண்ணின் பொருள் மாலுமிக்குத் தெரியும். அதே கரையில் உப்பு வாரும் பெண்ணுக்கு யார் சொன்னார்கள்?

விடுமுறை யாருக்கு?

மழை எச்சரிக்கை வந்ததும் ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிறார். பிள்ளை வீட்டில் இருக்கிறது. தாய் வயலுக்குப் போகிறாள். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. மின்னல் வெட்டவெளியில் நிற்பவரைத்தான் முதலில் தேடி வருகிறது. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் தரும் நல்ல முன்னுதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சிவப்பு எச்சரிக்கை நாளில் விவசாயத் தொழிலாளரை வெட்டவெளி வேலைக்கு அழைக்கக் கூடாது, அன்றைய இழப்புக்கு ஈடு வேண்டும் என்று கேட்பது அதன் அடுத்த படிதான். வெள்ளம் வடிந்ததும் முதல் ஆளாகச் சேற்றில் இறக்கப்படும் தூய்மைப் பணியாளருக்கு உறையும் காலணியும் தடுப்பூசியும் எச்சரிக்கையோடு சேர்ந்தே வர வேண்டும்.

எச்சரிக்கையில் விடுபட்டவர் நிவாரணத்திலும் விடுபடுவார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் இதைப் பார்த்தோம். படகு இழந்தவரின் கணக்கு எடுக்கப்பட்டது. கழிமுகத்தில் கையால் இறால் பிடித்துப் பிழைத்த, படகே இல்லாத தலித்தின் இழப்பு கணக்கில் வரவில்லை. முகாம்களிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பாகுபாடு நடந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-வது பிரிவு, நிவாரணத்தில் சாதி, பாலினம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. முன்னெச்சரிக்கையை மக்களிடம் சேர்ப்பது மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் கடமை என்கிறது 30-வது பிரிவு. சட்டம் நம் பக்கம் இருக்கிறது.

கிராமசபையில் கேட்போம்

அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கிராமசபை கூடுகிறது. இரண்டுமே வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வரும் நாட்கள். அங்கே நான்கு கேள்விகளை எழுத்தில் கொடுத்துத் தீர்மானமாக்கச் சொல்லுங்கள். நம் தெருவுக்கு எச்சரிக்கை சொல்லும் பொறுப்பாளர் யார், அவர் கைபேசி எண் என்ன? மின்சாரம் போனாலும் ஒலிக்கும் ஒலிபெருக்கி நம் தெருவில் எங்கே பொருத்தப்படும்? நமக்கான முகாம் எந்தக் கட்டடம், அதன் சாவி யாரிடம் இருக்கும்? குளத்தின் மறுகால் பாதை கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது?

மாணவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. தினமும் மதியம் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படியுங்கள். கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற மூன்று சொற்களின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் எந்த மழைக்கு எந்த வாசற்படி வரை தண்ணீர் வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுச் சுவரில் கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். மடை திறந்த தாத்தாவின் அறிவு உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு வரட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்தின் எண் 1070. வீட்டுக் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள். ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன சமூகத்தின் பிள்ளைகள், தங்கள் தெருவுக்கு வர வேண்டிய செய்தியை இனி அதிகாரத்தோடு கேட்டு வாங்க வேண்டும்.