உயர்வு பெறும் கழகமும் ஊரின் பணப்பெட்டியும்

மன்னார்க் கரையோரத்தில் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. பேசாலையிலே வலை உலர்த்தும் மணலில் மாலைதோறும் பந்து உருள்வதைக் கண்டவர்க்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் நாட்டின் முதலாவது தொழில்முறைச் சுற்று எனப் பறைசாற்றப்பட்டு 2021இல் நடைபெற்ற சுப்பர் லீக்கில் இடம்பெற்ற 10 கழகங்களுள் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தது ஒன்றேனும் இல்லை. எம் இளைஞருக்குக் காலில் வலுவில்லை என்று எவரும் கூறார். கழகங்களின் கையிலே பணமும் இல்லை, பத்திரமும் இல்லை. குறை அங்கேதான் என்பது எமது கருத்து.

ஆயினும் என்றோ ஒருநாள் எமது கழகமொன்று மேற்பிரிவுக்கு உயரத்தான் போகின்றது. அன்றிரவு வெடி கொளுத்தப் பலர் இருப்பர். மறுநாட் காலையில் வரவுசெலவுக் கணக்கை விரித்துவைத்து அமர்வோர் எத்தனை பேர்? அந்த மறுநாளைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

உயர்ந்த கழகத்துக்கு முதலில் வரும் சபலம் வெளியிலிருந்து வீரரை விலைக்கு வாங்குவது. இச்சபலம் செல்வந்தரையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் கழகம் 23 ஆண்டுகளின் பின் 2022இல் பிரிமியர் லீக்குக்கு மீண்டது. மீண்ட அதே கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட வீரரைச் சேர்த்துக்கொண்டது. மூன்றாண்டுகளில் இவ்வளவுக்கு மேல் நட்டம் காட்டலாகாது என்று அந்த லீக்கிலே அப்போது ஒரு விதியிருந்தது. நிலைத்து நிற்கும் கழகத்துக்கு அந்த எல்லை 10 கோடியே 50 இலட்சம் பவுண். அம்மூன்றாண்டுகளுள் ஈராண்டைக் கீழ்ப்பிரிவில் கழித்த பொரெஸ்டுக்கோ 6 கோடியே 10 இலட்சம் மட்டுமே. அக்கழகம் அதனை 3 கோடியே 45 இலட்சம் பவுணால் மீறியது. 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் பறிக்கப்பட்டன.

வழக்கறிஞர் என்ற முறையில் எம்மைக் கவர்ந்தது கழகம் எடுத்துரைத்த எதிர்வாதமே. சிறுவயது முதல் அங்கேயே பயின்ற பிரென்னன் ஜோன்சன் என்ற வீரரைக் கணக்காண்டு முடியும் ஜூன் 30க்கு முன் விற்றிருந்தால் குறைந்த விலையே கிடைத்திருக்கும். பொறுத்திருந்து 2023 செப்ரெம்பரில் விற்றதால் ஏறத்தாழ 4 கோடியே 75 இலட்சம் பவுண் கிடைத்தது. ஆகவே தாமதம் விவேகமே என்றனர். ஆணைக்குழு இதனை ஏற்கவில்லை. 6 புள்ளி இழக்கவேண்டியது 4 ஆகக் குறைந்தது, மீறலை விரைவில் ஒப்புக்கொண்டு ஒத்துழைத்தமைக்காகவேயன்றி இவ்வாதத்துக்காக அன்று. வாதம் தோற்றாலும் அதற்குள் ஓர் உண்மை கிடக்கின்றது. விலைக்கு வாங்கியோரால் இக்கட்டில் விழுந்த கழகம் கைநீட்டிய இடம், தான் வளர்த்த பிள்ளையிடமே.

பணக்கார நாட்டின் கதை எமக்கெதற்கு என்பாருமுளர். நன்று, கல்கத்தாவுக்கு வருவோம். 1891இல் தோன்றிய முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் ஐ-லீக்கை வென்று 2024இல் இந்தியன் சுப்பர் லீக்குக்கு உயர்ந்தது. முதற் பருவத்திலேயே வீரரின் சம்பளம் நிலுவையாயிற்று; பயிற்சிக்கு வர வீரர் மறுக்கும் நிலையும் தோன்றியது. பருவ முடிவில் கழகம் 13 அணிகளுள் கடைசியாய் நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பெயரும் பெருங்கூட்டமான ஆதரவாளரும் மாதச் சம்பளத்துக்கு ஈடாகவில்லை.

இனி எமது நிலையைப் பார்ப்போம். கமக்காரருக்குக் காலபோகமும் சிறுபோகமும். கடற்றொழிலாளிக்கு வாடையும் சோழகமும். கட்டுக்கரைக்குளத்தில் நீரில்லாத ஆண்டும் உண்டு. இழுவைப் படகுகள் வலையை அறுத்துச் சென்ற மாதமும் உண்டு. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது படகுகள் கரையிலே கிடந்ததை மறந்தோமில்லை. ஊரின் வருவாய் இப்படி ஏறியிறங்க, வாங்கிய வீரரின் சம்பளமோ மாதந்தவறாமல் வந்து நிற்கும். இரு மாதச் சம்பளம் கொடாதிருந்தால், 15 நாள் எழுத்து அறிவித்தலின் பின் வீரர் ஒப்பந்தத்தை முறித்து நட்டஈடும் கோரலாம் என்பது உலகச் சம்மேளனமான பீபாவின் விதி. அதன்மேல் மன்னாரிலிருந்து கொழும்புக்கு ஒருவழியே முந்நூறு கிலோமீற்றர்வரை செல்லும் பஸ்செலவை எவரும் கணக்கில் எழுதக் கண்டிலோம்.

மேலும், நாம் போட்டியிட்டு விலைபேச வேண்டியது யாருடன்? தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் கழகங்கள் வீரனுக்கு நிரந்தர உத்தியோகமும் ஓய்வூதியமும் கொடுக்கின்றன. அப்பணம் திறைசேரியினது, அதாவது எமது வரிப்பணமும் அதில் உண்டு. அந்த ஏலத்தில் ஊர்க்கழகம் கையுயர்த்துவது பேதைமை.

கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் வாழும் உறவினர் அனுப்பும் நன்கொடை உண்டே எனலாம். உண்டு, அவர்தம் கொடைக்கு நன்றி பாராட்டுகின்றோம். ஆனால் ஒருமுறை வரும் பணத்தை மாதாமாதம் செல்லும் செலவுக்கு ஈடாக்குவது விதைநெல்லை அவித்து உண்பது போலாகும். நன்கொடை வேலிக்கும் விளக்குக்கும் மைதானத்துக்கும் பயிற்றுநரின் படிப்புக்கும் செல்லட்டும். சம்பளமோ நுழைவுக் கட்டணம், அங்கத்தவர் சந்தா, எழுத்திலுள்ள அனுசரணை ஆகியவற்றின் அளவைத் தாண்டலாகாது. ஆறுமாதச் சம்பளம் வங்கியில் தனியே கிடந்தாலன்றி எந்த வெளி வீரரோடும் கைச்சாத்திடலாகாது.

பிள்ளைகள் விடயத்தில் நாம் காட்டும் அசட்டையே எமக்கு மிகுந்த வருத்தந்தருவது. ஒரு வீரர் ஒப்பந்தக்காலம் முடியுமுன் ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக் கழகத்துக்கு விலைபேசி மாற்றப்பட்டால், அவ்விலையில் 5 வீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்கு உரியது. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்கு கால் வீதம். அதன்பின் ஆண்டுக்கு அரை வீதம். 12 முதல் 17 வயது வரை கரையோரக் கழகமொன்றில் பயின்ற பையன் பின்னாளில் ஒரு கோடி ரூபாவுக்கு மாற்றப்பட்டால், அக்கழகத்தின் பங்கு 2 இலட்சம். பாரிசிலுள்ள பீபாவின் தீர்வகம் 2022 முதல் இக்கணக்கைப் பார்க்கின்றது. பார்ப்பது பதிவேட்டையே! பையனின் பெயர் ஆண்டுதோறும் சம்மேளனத்திற் பதியப்படவில்லையேல், அவனை வளர்த்த ஊருக்கு ஒரு சதமும் இல்லை.

உள்நாட்டு மாற்றத்துக்கு இவ்விதி கைகொடாது. ஆகவே அங்கே எமது ஒப்பந்தமே எமக்குச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத வீரன் விதிப்படி அமெச்சூர் வீரனே. எவரும் அழைத்துச் செல்லலாம். மறுவிற்பனையில் இத்தனை வீதம் எமக்கு என்ற ஒரு வரி போதும். சம்மாட்டிமார் முற்பணம் கொடுத்து ஆளைக் கட்டிவைத்த பழைய முறையை நாம் கேட்கவில்லை. பையன் போகட்டும், உயரட்டும். வளர்த்த கழகத்தின் பங்கு எழுத்திலிருக்கட்டும்.

கழகத்தின் சட்ட உருவம் பற்றியும் ஒரு சொல். கூட்டிணைக்கப்படாத கழகத்தின் பெயரில் ஒப்பந்தம் செய்த தலைவரும் பொருளாளரும், வழக்கு வருமிடத்துத் தம் வீடு வளவுக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியும் வழி திறந்தே இருக்கின்றது. ஊரிலே கணக்காளர் உளர், சட்டத்தரணிகள் உளர், ஓய்வுபெற்ற அதிபர்கள் உளர். மைதானத்து ஓரத்தில் நின்று நடுவரைத் திட்டும் நேரத்தில் பாதியை இவர்கள் இப்பணிக்குத் தந்தாற் போதும்.

இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஆடினால் அடுத்த ஆண்டே கீழிறங்க நேரலாம் என்பர். நேரலாம். இங்கிலாந்திலே 2024இலும் 2025இலும், முந்திய ஆண்டு உயர்ந்துவந்த மூன்று கழகங்களும் மூன்றுமே கீழிறங்கின. அவற்றுட் பெருந்தொகை செலவிட்டவையும் இருந்தன. கடனின்றி இறங்கிய கழகம் மீண்டும் ஏற முயலலாம். மைதானத்தை ஈடுவைத்து இறங்கியது எதைக்கொண்டு ஏறும்?

ஆகவே கழக அங்கத்தவரை நாம் வேண்டுவது இது: அடுத்த பொதுக்கூட்டத்தில் வீரர் பதிவேடு, வங்கிக் கணக்குப் புத்தகம், கைச்சாத்திட்ட ஒப்பந்தங்கள் ஆகிய மூன்றையும் மேசைமேல் வைக்குமாறு கேளுங்கள். வைக்கும்வரை புதிய வீரரை வாங்கும் எந்தப் பிரேரணைக்கும் கையுயர்த்தாதீர்கள்.