முதல் செலவு காலுக்கு

வேக்போர்டு வாங்க வருபவரின் கண் முதலில் பலகையின் மேல்தான் விழுகிறது. பெரிதாக இருப்பதும் அது, வண்ணம் பூசியிருப்பதும் அது. கையிலுள்ள தொகையில் முக்கால் பங்கு அங்கேயே கரைந்துவிட, மீதியில் கிடைக்கும், காலைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கையும் கண்ணில் படும் கயிற்றையும் வாங்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். சுமாரான பலகை ஓட்டுபவரின் முன்னேற்றத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அதற்கு மேல் தீங்கு செய்யாது. காலுக்குப் பொருந்தாத பைண்டிங் முழங்காலைக் கெடுக்கும். தவறான கயிறு ஒரு நொடியில் முகத்தைக் கிழிக்கும். பணம் குறைவாக உள்ளவருக்கு ஆலோசனை சொல்லும் பயிற்றுநர் பைண்டிங்கையும் கயிற்றையும் புதிதாக வாங்கச் சொல்லலாம். பலகையில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கச் சொல்லலாம்.

பனிச்சறுக்குக் கட்டையின் பைண்டிங், விழும்போது குறிப்பிட்ட விசை வந்ததும் தானே விடுபடும்படி செய்யப்பட்டது. வேக்போர்டு பைண்டிங்கில் அத்தகைய பொறி கிடையாது. பலத்த வீழ்ச்சியில் கால் தானாகவே வழுக்கி வெளியே வர வேண்டும். இல்லையென்றால் இரண்டு கால்களும் உள்ளேயே இருக்க வேண்டும். ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு கால் கழன்று மற்றொன்று மாட்டிக்கொண்டால் பலகையின் முழு நீளமும் நெம்புகோலாக மாறி அந்த ஒற்றைக் காலைத் திருகும். கணுக்கால் சுளுக்கும் முழங்காலின் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிதலும் இந்த விளையாட்டில் அடிக்கடி பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே இரண்டு கால்களையும் ஒரே அளவு இறுக்கத்தில் பிடிப்பதுதான் பைண்டிங்கிடம் எதிர்பார்க்க வேண்டிய முதல் குணம். விலையும் தோற்றமும் பிறகு.

பொருத்தத்தைக் கடையிலேயே சோதிக்க முடியும். காலை உள்ளே விட்டு, நாடாவை இறுக்கி, முழங்காலை மடக்கி முன்னால் சாயும்போது குதிகால் மேலே எழக்கூடாது. இலேசாக அசைந்தால் பரவாயில்லை. விரல் நுழையும் அளவு எழுந்தால் அந்த அளவு வேண்டாம். விரல்கள் மரத்துப்போகும் அளவு இறுக்கமும் கூடாது. ஈரத்தில் உள்ளுறை சற்று இளகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உலர்ந்த நிலையில் தாராளமாகத் தோன்றும் பைண்டிங் தண்ணீரில் இன்னும் தளர்ந்துவிடும்.

முன்பக்கம் திறந்த வகை, மூடிய வகை என்று பைண்டிங் இரண்டு விதம். திறந்ததில் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஒரே ஜோடி பல அளவுக் கால்களுக்குப் பொருந்தும். பயிற்சிப் பள்ளிக்கும், ஒரு பலகையை மாறி மாறி ஓட்டும் குடும்பத்துக்கும், இன்னும் கால் வளரும் பிள்ளைக்கும் இதுவே சரி. மூடியது காலணி போலக் குறிப்பிட்ட அளவுக்குச் செய்யப்படுவது. காலின் சிறு அசைவும் பலகையின் விளிம்புக்கு உடனே போய்ச் சேரும். தனியாக ஓட்டும் பெரியவர், இந்த விளையாட்டைத் தொடரப்போகிறோம் என்று உறுதியாக இருந்தால், முதலிலேயே மூடிய வகையை வாங்குவது மொத்தத்தில் மலிவாக முடியும்.

இறுக்கும் முறையில் நாடாவே சிக்கனமானது. அறுந்தால் சில்லறைக் காசில் மாற்றலாம். வெல்குரோ வேகமாக மாட்ட உதவும்; ஆனால் மணலும் பாசியும் அடைந்து சில பருவங்களில் பிடிப்பை இழக்கும். திருகுச் சக்கரத்தால் இறுக்கும் கம்பி முறை வசதியானது, விலை கூடியது, பழுதானால் உதிரி பாகம் தேட வேண்டியது. இவை எல்லாவற்றையும்விடக் கூர்ந்து பார்க்க வேண்டியது பாதத்தின் அடியில் உள்ள ஈ.வி.ஏ. ஃபோம் மெத்தை. உயரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும்போது முழங்காலுக்குப் போகும் அதிர்ச்சியை ஓரளவேனும் வாங்கிக்கொள்வது அதுதான். மலிவான பைண்டிங்குகளில் முதலில் மெலிவதும் அதுவே.

பழைய பைண்டிங் வாங்குவதை ஊக்குவிக்கக்கூடாது. அதன் ஃபோம் முந்தையவரின் கால் வடிவத்துக்கு அமுங்கியிருக்கும். வெயிலில் கிடந்த ரப்பர் நுண்ணிய வெடிப்புகளோடு இருக்கும். மேற்பகுதியையும் அடித்தட்டையும் சேர்க்கும் பசை எப்போது விடும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அது விடும் நாள் பெரும்பாலும் ஒரு கால் மட்டும் கழலும் நாளாக இருக்கும்.

பலகைக்கு வருவோர் அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். 1985-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் டோனி ஃபின் விற்கத் தொடங்கிய ஸ்கர்ஃபர், அலைச்சறுக்குப் பலகையைப் போல மிதப்பு மிகுந்தது. ஆழ்நீரில் உட்கார்ந்தபடி அதை அமிழ்த்திப் பிடித்துக் கிளம்புவது பலசாலிக்கே சாத்தியம். 1990-இல் எச்.ஓ. ஸ்போர்ட்ஸ் நிறுவனர் ஹெர்ப் ஓ'பிரையன் கொண்டுவந்த ஹைப்பர்லைட், மிதக்கவும் மூழ்கவும் அவசரப்படாத நடுநிலை மிதப்பு கொண்ட பலகை. எடை குறைந்தவரும் புதியவரும் படகு இழுக்கும்போது எழுந்து நிற்க முடிந்தது அதற்குப் பிறகுதான். அடுத்த சில ஆண்டுகளில் ஜிம்மி ரெட்மன் முன்னெடுத்த இருமுனை வடிவம், எந்தக் கால் முன்னால் இருந்தாலும் ஓட்டக்கூடிய இன்றைய பலகையை நிலைநிறுத்தியது. அடிப்படை வடிவம் அப்போதே கண்டடையப்பட்டுவிட்டது. ஆண்டுதோறும் வரும் 'புதிய' பலகைகளில் பலவற்றில் மாறுவது மேலுள்ள ஓவியம் மட்டுமே. சென்ற ஆண்டு மாதிரியைப் பருவம் முடிந்தபின் கழிவு விலையில் வாங்குபவர் எதையும் இழப்பதில்லை.

நீளத்தை முடிவு செய்வது உயரம் அல்ல, எடை. ஏறத்தாழச் சொன்னால் 45 கிலோவுக்குக் குறைந்தவருக்கு 130 செ.மீ.க்குக் குட்டையான பலகை, 60 கிலோ அளவில் 130 முதல் 134 செ.மீ., 70 முதல் 80 கிலோவுக்கு 135 முதல் 139 செ.மீ., அதற்கு மேல் 140 செ.மீ.யும் கூடுதலும். தயாரிப்பாளரின் அட்டவணை இதிலிருந்து சற்று மாறலாம். மாறினால் அட்டவணையையே பின்பற்ற வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்கும் புதியவருக்குப் பெரியதே நல்லது. பரப்பு கூடினால் குறைந்த வேகத்திலேயே பலகை நீரின் மேல் ஏறிவிடும், கால் இடறினாலும் மன்னிக்கும். பலர் பகிர்ந்துகொள்ளும் பலகை என்றால் அடிக்கடி ஓட்டுபவர்களில் எடை மிகுந்தவரின் அளவுக்கு வாங்க வேண்டும். எடை குறைந்தவர் பெரிய பலகையில் சமாளித்துக்கொள்வார். எடை மிகுந்தவர் சிறிய பலகையில் எழுந்திருக்கவே போராடுவார்.

பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் தெரியும் வளைவே ராக்கர். மூக்கிலிருந்து வால் வரை ஒரே சீராக வளைந்த பலகை வேகத்தைத் தக்கவைக்கும், எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே தெரியும். நடுவில் தட்டையாகவும் இரு முனைகளில் திடீரென நிமிர்ந்தும் உள்ள மூன்று நிலை ராக்கர் படகின் வேக் அலையிலிருந்து செங்குத்தாக மேலே எறியும். அதற்கு விலையாக வேகம் குறையும். முதல் பலகைக்குச் சீரான வளைவே போதும். பலகையின் அடியில் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் நல்லது: தொடக்கத்தில் நேராக ஓட அது துணை நிற்கும், பிறகு சுழலப் பழகும்போது கழற்றிவிடலாம்.

படகுக்கா கேபிளுக்கா என்பதை வாங்குமுன்பே முடிவு செய்தாக வேண்டும். ஜெர்மனியின் புரூனோ ரிக்சன் 1960-களில் வளர்த்தெடுத்த கேபிள் முறை, படகில்லாமல் உயரத்தில் ஓடும் கம்பியால் ஏறத்தாழ மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவரை இழுக்கிறது. கேபிள் பூங்காக்களில் சறுக்கிச் செல்லும் ரெயிலும் எகிறிக் குதிக்கும் சரிவான கிக்கரும் இருக்கும். அவற்றின் மேல் உரசுவதற்கென்றே கேபிள் பலகையின் அடியில் சின்டர்டு பாலிஎத்திலீன் தகடு ஒட்டப்பட்டிருக்கும். பலகையும் வளைந்து கொடுக்கும். விறைப்பான படகுப் பலகையை ரெயிலில் ஏற்றினால் அடிப்புறம் கீறும், விளிம்பு பிளக்கும், உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது. கேபிள் பலகையைப் படகின் பின்னால் ஓட்டுவதில் இந்தத் தீங்கு இல்லை; அலையிலிருந்து எழும்பும் உந்தல் சற்று மந்தமாக இருக்கும், அவ்வளவே. ஒரே பலகைதான் வாங்க முடியும், இலங்கையின் பெந்தோட்டை ஆற்றில் படகின் பின்னாலும் ஒரு பூங்காவில் கேபிளிலும் ஓட்ட ஆசை என்பவருக்குக் கேபிள் பலகையே பொருத்தம்.

பழைய பலகையில் முதலில் பார்க்க வேண்டியவை திருகுகள் இறங்கும் உலோக இன்சர்ட்டுகள். ஒவ்வொன்றிலும் திருகைக் கையால் இறக்கிப் பார்க்க வேண்டும். புரி தேய்ந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ இன்சர்ட்டே சுழன்றாலோ அந்தப் பலகை இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். இன்று பரவலாக இருப்பது எம்6 திருகு. பழைய அமெரிக்கப் பலகைகள் சிலவற்றில் கால் அங்குலத் திருகு உண்டு. சில நிறுவனங்கள் தம் பைண்டிங்குக்கு மட்டுமே பொருந்தும் தடங்களைப் பயன்படுத்துகின்றன. புதிதாக வாங்கிய பைண்டிங்கைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பார்ப்பது மேல். அடுத்து, விரல் கணுவால் பலகை முழுதும் தட்ட வேண்டும். ஒலி ஓரிடத்தில் மந்தமாக மாறினால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. விளிம்பு வெடிப்பு வழியே நீர் புகுந்த பலகை, அதே மாதிரியின் நல்ல பலகையைவிடக் கையில் கனக்கும். மேற்பரப்புக் கீறல்களும் மங்கிய வண்ணமும் விலை பேச உதவுமே தவிர, ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை.

கயிறு, கேபிளில் மட்டும் ஓட்டுபவருக்கு வேண்டாத செலவு. கயிறும் கைப்பிடியும் பூங்காவே தரும். படகில் ஓட்டுபவருக்கு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். காற்றடைத்த டியூபை இழுக்கும் கயிறு நீளும்படி செய்யப்பட்டது. வேக்போர்டு ஓட்டுபவர் விளிம்பைச் சாய்த்து வேக்கை நோக்கி வரும்போது கயிற்றில் இழுவிசை சீராக ஏற வேண்டும். நீளும் கயிறு அந்த விசையைத் தன்னுள் சேர்த்து வைத்துத் தவறான நேரத்தில் திருப்பித் தரும். ஓட்டுபவர் விழுந்து கைவிட்டால் அதே சேமிப்பு கைப்பிடியைப் படகை நோக்கி எறியும். அங்கே கண்காணிப்பவரின் முகம் இருக்கிறது.

குறைவாக நீளும் பாலிஎத்திலீன் கயிறு தொடக்கத்துக்குப் போதும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் மீயுயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் இழை ஏறக்குறைய நீளாது, தண்ணீரில் மிதக்கும், விலை கூடியது. கேபிள் பலகையின் அடித்தகடும் இதே பொருள்தான். ஒரே பாலிமர் அங்கே உரசலைத் தாங்குகிறது, இங்கே இழுவையைத் தாங்குகிறது. வேக்கைத் தாண்டிக் குதிக்கத் தொடங்கும்போது இதற்கு மாறினால் போதும். புதியவருக்கு 14 முதல் 16 மீட்டர் நீளம் வசதி. படகுக்கு அருகே வேக் குறுகியிருப்பதால் இரு பக்கமும் கடப்பது எளிது. வேகமும் துணிவும் கூடும்போது 20 மீட்டரைத் தாண்டலாம். பகுதி பகுதியாகக் கழற்றிச் சேர்க்கும் கயிறு வாங்கினால் ஒரே கயிறு பல ஆண்டுகளின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கும். கைப்பிடிப் பகுதி தனியாகக் கழலுவதும் முக்கியம், முதலில் தேய்வது அதுதான். கைப்பிடியின் முக்கோண இடைவெளி மிதவையால் மூடப்பட்டிருந்தால் கை அதற்குள் சிக்காது. முடிச்சு விழுந்த கயிறு தன் வலிமையில் பாதி வரை இழக்கலாம் என்பதால் முடிச்சை அன்றே அவிழ்க்க வேண்டும். அவிழாத முடிச்சும் பஞ்சு போல் பிசிறிய இழையும் உள்ள கயிற்றைத் தூக்கிப் போட வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே பழைய கயிறு எந்த விலைக்கும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் பலர் மறந்துவிடும் செலவு ஒன்று உண்டு: மிதவை அங்கி. மோதல் அடியைத் தாங்கும் இம்பாக்ட் வெஸ்ட் மெல்லியது, அழகானது. ஆனால் அவற்றில் பல மிதவைச் சான்று பெறாதவை. ஐ.எஸ்.ஓ. 12402-5 தரத்தின்படி 50 நியூட்டன் மிதப்பு தரும் அங்கியாவது வேண்டும். அதுவும் நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி அருகில் இருக்கும் இடத்துக்கே உரியது. மயங்கியவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பும் என்ற உறுதி இல்லை. கேபிளில் தலைக்கவசமும் கட்டாயம்; நீர் விளையாட்டுக்கான இ.என். 1385 குறி உள்ளதைத் தேட வேண்டும். இவற்றையும் சேர்த்தபின் பணம் போதவில்லை என்றால் பலகையை ஒரு பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம். சொந்த பைண்டிங்கும் அங்கியும் உள்ளவருக்குப் பூங்காவிலும் பள்ளியிலும் வாடகைப் பலகை கிடைக்கும். எம்6 இன்சர்ட் உள்ள பலகைகள் பெரும்பாலானவற்றில் தம் பைண்டிங்கை மாட்டிக்கொள்ளலாம்.

மாட்டும்போது இரு கால்களுக்கும் இடையே தோள் அகலம் விட்டு, முன்காலை 15 முதல் 18 பாகை வெளிநோக்கித் திருப்பி, பின்காலை 0 முதல் 9 பாகைக்குள் வைத்துத் தொடங்கலாம். திருகுகளைக் கைத்திருப்புளியால்தான் இறுக்க வேண்டும், மின்கருவி இன்சர்ட்டின் புரியைத் தின்றுவிடும். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் அவற்றை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். உப்பு நீரிலோ கழிமுகத்திலோ ஓட்டிய நாளில் பைண்டிங்கையும் திருகுகளையும் நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி வைப்பது அவசியம்.