செடி கைக்குப் பணிந்தது. கை யந்திரத்துக்குப் பணிய வேண்டுமா?

பால்மரத் தோட்டத் தோழர்களே! விடியுமுன் எழுந்து கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போகும் உங்களுக்கு, கேமரன் மலையில் தேயிலை எடை எழுதும் கிராணியாகிய நாம் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. இன்று எங்கள் மலையில் நடப்பது உங்கள் காட்டில் நேற்று நடந்தது, நாளையும் நடக்கப்போவது.

சென்ற மாதம் எங்கள் கிளைக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. கொழுந்து அறுக்கும் மோட்டார் யந்திரங்கள் இன்னும் சில வரப்போவதாகப் பேச்சு. "யந்திரம் நம் சோற்றில் மண் போடும் சத்துரு, உள்ளே விடக்கூடாது" என்றது ஒரு கட்சி. "காலத்தைத் தடுத்து நிறுத்த யாரால் முடியும்? வருவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்" என்றது மறு கட்சி. இரு கட்சியாரும் உண்மையில் பாதியைத்தான் பேசினார்கள் என்பது நம் அபிப்பிராயம். மீதிப் பாதியைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தேயிலை இயல்பில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் முப்பது அடிக்கும் மேலே போகும். அதைக் கவ்வாத்து வெட்டி, பக்கவாட்டில் படரவிட்டு, மேலே மேசைபோல் மட்டமாக்கியவன் மனிதன். ஏன் இடுப்பளவில் நிறுத்தினான்? கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை குனியாமலும் எக்காமலும் எட்ட வேண்டும் என்பதற்காக. சுற்றுலாக்காரர்கள் பச்சைக் கம்பளம் என்று படம் பிடிக்கிறார்களே, அந்தக் கம்பளம் எங்கள் தாய்மாரின் இடுப்பு உயரத்துக்கு வெட்டப்பட்ட காடு.

செடி சும்மா இருந்ததா? அதுவும் மனிதரை மாற்றியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று கண் பார்க்குமுன் விரல் கிள்ளப் பழகியது. ஒரு வாரம் பத்து நாளுக்கொரு முறை செடி துளிர்க்கும் கணக்கே எங்கள் பஞ்சாங்கம் ஆயிற்று. முதுகுக் கூடை நடையை மாற்றிற்று. பெரட்டு நேரம், பிள்ளைக் கொட்டகை, எடை போடும் வேளை எல்லாம் அந்தக் கொழுந்தைச் சுற்றி அமைந்தன. செடியை நாம் வளைத்தோம். செடி நம்மை வளைத்தது.

தொழிற்சாலைக் கதையும் இப்படித்தான். இலங்கையில் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் தம் பங்களாத் தாழ்வாரத்து மேசையில் ஆட்களைக் கொண்டு இலையைக் கையால் உருட்டச் செய்தார். சில ஆண்டுகளில் உருட்டும் யந்திரம் வந்தது. அந்த யந்திரம் சுழலும் விதத்தைப் பாருங்கள்: இரண்டு உள்ளங்கைக்கு நடுவே இலையை வைத்துத் தேய்க்கும் அதே சுழற்சி! கையைப் பார்த்து யந்திரம் பிறந்தது. பிறந்த பிறகு அதன் வயிற்றுக்கு ஓயாமல் இலை கொட்ட வேண்டியிருந்தது. கை அதன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்துவைத்த மலை இது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலையில் அனுபவப்பட்ட ஏ. பி. மில்னைச் சேர்த்துக்கொண்டு 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். காடு வெட்டி, சரிவில் கன்று நட்டு, இந்த மலையைத் தேயிலை மலையாக்கிய கைகளில் எங்கள் முன்னோரின் கைகளும் உண்டு.

உங்கள் பால்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே கோட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கும் முறையைக் கண்டார். அந்த முறை உங்கள் மணிக்கட்டுக்கு ஒரு வித்தையைக் கொடுத்தது: ஆழம் போனால் மரம் புண்ணாகும், மேலோடு போனால் பால் வராது. குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் மரம் உங்கள் தூக்கத்தையும் எடுத்துக்கொண்டது. 1970களில் எத்திபோன் என்னும் ஊக்க மருந்து வந்தது. மருந்து பூசிய மரத்தை மூன்று நாளுக்கு ஒரு முறை, நான்கு நாளுக்கு ஒரு முறை வெட்டினாலும் பால் தரும் என்றார்கள். நல்லது. மரத்துக்கு ஓய்வு கிடைத்தது; வெட்டுக்காரருக்குக் கிடைத்ததா? ஒரே ஆள் கூடுதல் நிரைகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. மிச்சமான நாட்கள் யார் கணக்கில் ஏறின? இந்தக் கேள்வியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மீண்டும் எங்கள் மலைக்கு வருவோம். கையால் கிள்ளுவது இங்கே அருகிப் போயிற்று. முதலில் பை கட்டிய கத்தரி வந்தது. பிறகு இரண்டு பேர் இருபுறமும் பிடித்து வரிசையின் மேல் இழுத்துச் செல்லும் மோட்டார் யந்திரம் வந்தது. ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். தோட்டத்துப் பிள்ளைகள் படித்துப் பட்டணம் போனார்கள். வெளிநாட்டுத் தோழர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். 2020இல் கொள்ளைநோயால் அவர்கள் வருகையும் நின்றபோது யந்திரத்தின் மேல் கண் இன்னும் அதிகமாயிற்று.

இன்னொரு காரணம் தேநீர்க் கடையில் இருக்கிறது. நாம் விரும்பும் 'தே தாரேக்'குக் கறுத்து இறங்கும் தூள் வேண்டும். பையில் கட்டிய தேயிலைக்கும் சட்டென்று சாயம் விடும் சிறு தூளே வேண்டும். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் யந்திரத்தை 1930 வாக்கில் அஸ்ஸாமில் மெக்கர்ச்சர் என்பவர் அமைத்தார். அத்தகைய தூளுக்கு அது வசதியாயிற்று. கடைசியில் தூளாகப் போகிற இலையை விரலால் பொறுக்கி எடுப்பானேன் என்று கணக்குப் பார்ப்பவன் கேட்டான். ஆக, குவளை பிடிக்கும் கையும் கொழுந்து கிள்ளும் கையை மாற்றியிருக்கிறது. கடையில் உட்கார்ந்து குடிக்கும் நாமும் இதற்குப் பொறுப்பாளிகள்.

யந்திரத்துக்குக் கண் இல்லை. மொட்டு எது, முற்றல் எது என்று அது பார்க்காது. ஆகவே செடிதான் அதற்கு ஏற்றபடி நிற்க வேண்டும். மட்டம் பிசகாமல் வெட்டி, எல்லாக் கொழுந்தும் ஒன்றாக எழும்வரை மூன்று வாரம்போலக் காத்திருக்கிறோம். ஜப்பானில் வரிசைகளையே யந்திரத்தின் வளைவுக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பகுதி நிலத்தில் நிற்பது யாபுகித்தா என்ற ஒரே ரகம். முன்பு பெண்ணின் இடுப்புக்கு வெட்டிய செடி, இப்போது யந்திரத்தின் வாய்க்கு வெட்டப்படுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் எல்லாம் இயற்கையின் போக்கு" என்று யாராவது எண்ணினால் அது தவறு. செடி மாறுவதும் விரல் மாறுவதும் தானாக நடக்கலாம். கிலோவுக்கு எத்தனை சென் என்பது தானாக நடப்பதில்லை. அதை ஒரு மனிதன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறான். எங்களுக்குத் தெரியும், அவன் எழுதியதைச் செக்ரோலில் ஏற்றுகிறவர்கள் நாங்களே.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறோம். கையால் 40 கிலோ எடுப்பவருக்குக் கிலோ 60 சென் என்றால் 24 வெள்ளி. கத்தரி வந்து அவர் 100 கிலோ அறுக்கிறார். "எடை கூடிவிட்டது, விலை குறைய வேண்டும்" என்று 24 சென் வைத்தால், அதே 24 வெள்ளிதான். கத்தரி நிர்வாகத்துக்கு 60 கிலோ கூடுதலாகக் கொடுத்தது. தொழிலாளிக்கு 60 கிலோ கூடுதல் சுமையைக் கொடுத்தது. இந்தக் குற்றம் கத்தரியினுடையதா?

2025 பிப்ரவரி முதல் தேதி தொடங்கி ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களிலும், ஆகஸ்டு முதல் எல்லா இடங்களிலும், குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. கிலோ கணக்கில் கூலி வாங்குவோருக்கும் இது பொருந்தும். தோழர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். ஆனால் இது கீழே விழாமல் தாங்கும் தரை மட்டுமே. யந்திரத்தால் வந்த லாபத்தில் பங்கு என்பது வேறு விஷயம். அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நம் மனத்தை அறுத்த ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு இரட்டை ஆள் யந்திரம் வந்த வாரம், அதைத் தூக்க ஆண்களைப் பொறுக்கினார்கள். இருபது முப்பது வருஷம் கொழுந்தெடுத்த பெண்களைப் புல் வெட்டவும் பொட்டலம் கட்டவும் அனுப்பினார்கள். ஓர் அம்மாள் எடைக் கொட்டகைக்கு வந்து, "கிராணித் தம்பி, இது கொழுந்துக்குப் பழகின கை. புல்லுக்கு எதுக்கு இந்தக் கை?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அவர் பெயரை ஒரு பத்தியிலிருந்து எடுத்து மறு பத்தியில் எழுதினோம்; அவ்வளவுதான் அன்று நம்மால் ஆனது. பெண்களுக்கும் பழக்கிக்கொடுத்தால் என்ன, பாரம் குறைந்த யந்திரம் வாங்கினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. யந்திரம் வந்து இறங்கிய பிறகே நமக்குத் தெரிந்தது என்பது ஒரு சமாதானம் ஆகாது.

கிராணிமார்களே, இது கொழுந்துக்காரர் பாடு என்று இருந்துவிடாதீர்கள். நம் தராசும் மாறிவிட்டது. மின்தராசு எடையைத் தானே எழுதிச் சீட்டு அடிக்கிறது. முன்பு கிராணி சொன்னதே எடை. அதில் நடந்த அநியாயங்களை நம் வர்க்கத்தார் மறைக்க வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில், "சீட்டின் ஒரு பிரதி தொழிலாளி கையில் வர வேண்டும்" என்று கிளை கேட்டது, கிடைத்தது. ஒரே யந்திரம்தான்: ஆபீசுக்குள் மட்டும் சீட்டு போனால் அது வேவுக்காரன், தொழிலாளி கையிலும் வந்தால் அது சாட்சி. ஆனால் மழை நாளில் ஈரத்துக்கு எத்தனை விழுக்காடு கழிப்பது என்பதை யந்திரத்துக்குள் பதிகிறவன் இன்னும் மனிதன்தான். அந்த எண்ணையும் நாம் கேட்டாக வேண்டும்.

கேளாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் சாட்சி. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்தில் காலுறை நெய்வோர் யந்திரங்களை உடைத்தார்கள். அவர்கள் யந்திரத்தைக் கண்டு மிரண்ட மூடர்கள் அல்லர். அந்தத் தறியிலேயே பிழைத்தவர்கள். மட்டச் சரக்கு நெய்து கூலியை அறுத்ததையே எதிர்த்தார்கள். 1812இல் தறி உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது. 2023 மே மாதத்தில் கென்யாவின் கெரிச்சோவில் கொழுந்து அறுக்கும் யந்திரங்கள் தீக்கிரையாயின. கலவரத்தில் உயிரும் போயிற்று. தீ வைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. பேச இடமில்லாத இடத்தில் தீ பேசுகிறது என்பதை மட்டும் இரு தரப்பாருக்கும் நினைவூட்டுகிறோம்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, எந்தப் புதிய யந்திரமும், மருந்தும், தராசும் தோட்டத்துக்குள் வருமுன் சங்கத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். இரண்டு, புதிய விலையைத் தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்து, காட்டில் சோதித்துப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். மூன்று, முன்பு அந்த வேலையைச் செய்தவருக்கே, விசேஷமாகப் பெண்களுக்கே, யந்திரப் பயிற்சியில் முதல் இடம் வேண்டும். நான்கு, வேலை போனால் 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு வருஷ சேவைக்கும் 10, 15, 20 நாள் சம்பளம் என்று சேவைக்காலத்துக்குத் தக்கபடி கிடைக்க வேண்டியது உண்டு. அதோடு கை கழுவிவிடாமல் வேறு வேலை பழக்கித் தரவும் வேண்டும்.

இன்னொன்று. இன்று எங்கள் சரிவுகளில் யந்திரம் தூக்குவோரில் பலர் பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களைப் போட்டிக்காரர் என்று முறைப்பது மடமை. அன்று நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியபோது எப்படி நின்றார்களோ, அப்படியே இவர்களும் நிற்கிறார்கள். சங்கத்துக்கு அவர்களை அழைத்து வருவது நம் கடமை.

தோழர்களே! யந்திரம் நம்மை மாற்றாமல் விடாது. கத்தியும் கூடையும் மாற்றவில்லையா? நாமும் யந்திரத்தை மாற்றாமல் விடக்கூடாது. அதன் பாரம் எவ்வளவு, அதைப் பிடிப்பது யார், அது மிச்சப்படுத்திய நேரம் யாருக்கு என்பவை இரும்பில் வார்க்கப்பட்டு வருவதில்லை. அவை மேசையில் எழுதப்படுகின்றன. எழுதும் நாளில் அந்த மேசையின் ஒரு பக்கத்தில் கொழுந்து கிள்ளிய ஒரு கையும் இருக்க வேண்டும். அந்த நாற்காலியைச் சங்கம் ஒன்றே வாங்கித் தர முடியும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் தோட்டத்தில் என்ன யந்திரம் வரப்போகிறது என்று கேளுங்கள். வந்த பிறகு கேட்பது ஒப்பாரி. வருமுன் கேட்பதே உரிமை!