டாமியைக் கரையிலேயே விடுங்க பாஸ்!

செமஸ்டர் முடிஞ்சதும் நம்ம காக்களூர் பக்கத்துப் பசங்க வாயில முதல்ல வர்ற ட்ரிப் பழவேற்காடுதான். பொன்னேரி தாண்டினா ஏரி, கடல், டச்சுக் கல்லறை, மீன் வறுவல்னு ஒரே நாள்ல முடிச்சிட்டு வந்துடலாம். இப்போ இந்த லிஸ்ட்ல "நம்ம டாமியையும் கூட்டிட்டுப் போய் போட்ல ஒரு ரவுண்டு" என்ற ஆசையும் சேர்ந்திருக்கு. ரீல்ஸ்ல பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா என் கருத்து: வேண்டாம். காரணத்தைக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தாங்குவதைவிட அதிகமான ஆட்கள், லைஃப் ஜாக்கெட் கிடையாது. அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடையை மீறி யாராவது காசுக்கு ஏற்றிக்கொண்டு போனால், அந்தப் படகில் உங்களுக்கே ஜாக்கெட் இருக்காது. டாமிக்கு எங்கே இருக்கப் போகுது?

"ஒரு நாய் ஏறினா படகு கவிழ்ந்துடுமா?"ன்னு கேட்பீங்க. கவிழாது. கணக்கு வேற இடத்துல இருக்கு. நம்ம மெக்கானிக்ஸ் பேப்பர்ல படிச்ச மொமென்ட்டை ஞாபகப்படுத்துங்க. 30 கிலோ லேப்ரடார் ஒண்ணு கொக்கைப் பார்த்து அரை மீட்டர் ஓரத்துக்குத் தாவுது. 30 × 0.5 = 15. படகு லேசா ஆடும், அவ்வளவுதான். ஆனா "டேய், பிடிடா!"ன்னு ஆளுக்கு 60 கிலோ இருக்கிற நாலு பேர் அதே பக்கம் அரை மீட்டர் பாய்ந்தால்? 240 × 0.5 = 120. எட்டு மடங்கு! படகைச் சாய்க்கப் போறது நாய் இல்லை, நாய் மேல நாம வச்சிருக்கிற பாசம்.

"நாய்க்குத்தான் நீச்சல் தெரியுமே?" எல்லா நாய்க்கும் தெரியாது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் தண்ணியில மூச்சுக்கே திணறும். நல்லா நீந்துற நாயும் பயந்துட்டா, பக்கத்துல மிதக்கிற ஆள் தலைமேல ஏறப் பார்க்கும். வெயிலும் இருக்கு. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கணும். நிழலே இல்லாத ஃபைபர் படகில் மதியம் 12 மணிக்கு அதன் பாதம் என்ன பாடுபடும்? தாகத்துல ஏரித் தண்ணியைக் குடிச்சா, அந்த உப்புக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இன்னொண்ணு, பழவேற்காடு பறவைகள் சரணாலயமும்கூட. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நின்று இரை தேடும். ஒரு குரைப்புக்கு மொத்தக் கூட்டமும் பறக்கும். நமக்கு அது சூப்பர் வீடியோ. அதுங்களுக்கு இரை போச்சு, பறந்ததுல சக்தியும் வீண்.

நாயும் படகும் ஒத்தே வராதுன்னு நான் சொல்லலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடவே வளர்ந்த நாய் இனம் இருக்கு. தண்ணியில விழுந்தவங்களை மீட்கவே அதைப் பழக்குறாங்க. பழக்கம்தான் அங்கே விஷயம். வருஷம் முழுக்க மொட்டை மாடியில இருக்கிற டாமியை ஒரே நாள்ல மாலுமி ஆக்க முடியாது.

நாயை அனுமதிக்கிற வேற ஏதாவது இடத்துக்குப் போறீங்கன்னா, முதுகுல கைப்பிடி வச்ச நாய் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். குடிதண்ணி எடுத்துக்கோங்க. கயிற்றைப் படகோட கட்டாதீங்க. கவிழ்ந்தா அதோட சேர்ந்து நாயும் உள்ளே போயிடும். படகு நடுவுல, தரையில உட்கார வைங்க. பிடிச்சுக்க ஒரே ஆள். அது தண்ணியில குதிச்சாலும் மத்தவங்க யாரும் எழுந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி ரூலை உங்க கேங் கேட்கும்னு அடிச்சுச் சொல்ல முடியுமா? முடியலைன்னா டாமி வீட்டுலயே இருக்கட்டும். திரும்பி வந்து மறுநாள் காலையில ஏரிக்கரையில ஒரு மணி நேரம் ஓட விடுங்க. அதுக்கு அது போதும்.